அண்ணனின் அத்தர்

மணங்களுக்கும் மனிதரைப் போலவே குணம் உண்டு. சில மணங்கள் கண்டவுடன் சிரித்துப் பேசிவிட்டு, தெருமுனை திரும்புவதற்குள் நம்மை மறந்துவிடுகின்றன. வேறு சில முதற் சந்திப்பில் முகம் சுளிக்க வைக்கின்றன. பொறுத்திருப்பவரோடு மட்டும் உறவு கொண்டாடுகின்றன. ஒரு சிறு குப்பியிலிருந்த அத்தர் இந்த உண்மையை எனக்குக் கற்பித்தது. கற்றுக்கொள்ள எனக்கு 29 ஆண்டுகள் ஆயின. அதற்குள் கற்பித்திருக்க வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

எங்கள் ஊர் கோவளம். மாமல்லபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1808-இல் ஜான் டி மான்டி என்னும் வணிகச் செல்வர் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் அங்கே இருக்கிறது. நபிகள் நாயகத்தின் தோழர்களுள் ஒருவராக மக்கள் போற்றும் தமீமுல் அன்சாரி அவர்களின் தர்காவும் அதே கடற்கரையில் இருக்கிறது. ஒரே உப்புக்காற்றுதான் இரண்டின் சுவர்களையும் அரிக்கிறது.

எங்கள் கடற்கரைக்குச் சொந்தமான மணம் தாழம்பூ. அம்மா தம் பெட்டியிலுள்ள சேலைகளுக்கு இடையே தாழை மடல்களைச் செருகி வைப்பார். ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும் பெண்கள் மல்லிகையும் மரிக்கொழுந்தும் சூடுவார்கள். ஆலயத்தினுள் சாம்பிராணி. குளிர்ந்த, ஈரமான, விடிந்தால் வாடிவிடும் மணங்களே மணங்கள் என்று நம்பி வளர்ந்தவன் நான். கருவாட்டு வாசத்தை நாங்கள் மணம் என்றோ நாற்றம் என்றோ எண்ணியதில்லை. அதுதான் எங்களுக்குக் காற்று.

என் அண்ணன் 1979-இல் ஓமன் நாட்டிற்குச் சென்றார். தெற்கே தோஃபார் மாநிலத்தில் உள்ள சலாலா அவர் வேலை பார்த்த ஊர். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் கல்லூரிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போனேன். 1986-இல் செங்கல்பட்டில் தமிழாசிரியனாக வேலையில் அமர்ந்தேன். மாதம் ஒரு வான்கடிதம் வரும். அங்கேயுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்குப் போவது பற்றி எழுதுவார். சூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மலைகள் மூடுபனியில் பசுமை பூணுவது பற்றி எழுதுவார். எல்லாவற்றையும்விடக் குந்திரிக்க மரங்களைப் பற்றி விரிவாக எழுதுவார். மூன்று ஞானியர் பாலகன் இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த நறும்புகைப் பொருள் அந்த மரத்தின் பிசின்தான். மரப்பட்டையைச் சிறு கருவியால் சீவினால் பால்போன்ற பிசின் கசியும். ஓரிரு வாரங்கள் காயவிட்டுச் சுரண்டி எடுப்பார்கள். முதற் சீவலில் வருவது மட்டமானது. மீண்டும் மீண்டும் சீவிய பிறகே உயர்ந்த பிசின் இறங்கும். இவ்வாறெல்லாம் எழுதியவர் தம் வேலையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கம்பெனியில் மேற்பார்வையாளர் என்று ஊரில் சொல்லிக்கொண்டோம்.

1988-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் விடுமுறையில் வந்திருந்தார். அன்று இரவு குளித்துப் புதுச்சட்டை அணிந்து, ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைத் திறந்தார். மூடியோடு இணைந்த குச்சியால் மணிக்கட்டில் ஒரு துளி, காதுக்குப் பின்னால் ஒரு துளி. அவ்வளவுதான். எங்கள் சிறிய வீடு நிரம்பிவிட்டது. கிராம்பும் தோலும் மருந்தும் கலந்தாற்போல் ஒரு காரம் மூக்கில் ஏறியது.

அந்நாளில் வளைகுடாவிலிருந்து திரும்புவோரைப் பற்றி ஒரு கேலி இருந்தது. கறுப்புக் கண்ணாடி, தங்கச் சங்கிலி, டேப் ரிக்கார்டர், மூக்கைத் துளைக்கும் சென்ட். படித்து வேலைக்குப் போன இரண்டே ஆண்டுகளில் எனக்கும் அந்தக் கேலி தொற்றியிருந்தது.

"அண்ணே, கோயிலுக்குப் போகிறோம். இந்த வாசனையோடு வர வேண்டாம். தர்காவுக்குப் போகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள்" என்றேன்.

அண்ணன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பின்னர்க் கிணற்றடிக்குப் போய் சோப்பிட்டுக் கழுவினார். இரண்டாம் முறையும் கழுவினார். எண்ணெயாகத் தோலில் இறங்கிய மணம் நீரில் போய்விடுமா? நடு இரவுத் திருப்பலியில் அவர் வாயிலை ஒட்டிக் கடைசி வரிசையில் நின்றார். பீடச் சிறுவர் தூபக் கலசத்தை ஆட்ட, ஆலயம் முழுவதும் புகை சூழ்ந்தது. அந்தப் புகையில் அவருடைய மணம் தனியே எவருக்கும் தெரிந்திருக்காது. ஆயினும் அவர் கடைசி வரிசையிலேயே நின்றார். அதன்பின் வந்த எந்த விடுமுறையிலும் அவர் அத்தர் பூசி நான் பார்த்ததில்லை.

அவர் 2001-இல் ஊரோடு வந்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் பழைய வீட்டிலேயே இருந்தார். 2017-இல் இறந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நான்கு சட்டைகள், கடவுச்சீட்டு, செபமாலை, பஞ்சு சுற்றிய அந்தக் குப்பி. முக்கால் பாகம் அப்படியே இருந்தது. நிறம் மட்டும் கருந்தேனாக மாறியிருந்தது.

அதன் உள்ளே இருப்பது என்ன என்று அறியாமல் அதை வீட்டில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. சென்னைக்குப் போன ஒரு நாள், திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகில் ஓர் அத்தர் கடையில் குப்பியை நீட்டினேன். கடைக்காரப் பெரியவர் மூடியைத் திறந்து முகர முயன்ற என் கையைத் தடுத்தார். "குப்பியில் முகராதீர்கள் ஐயா. அத்தருக்கு உடம்பு வேண்டும்" என்று சொல்லி, என் மணிக்கட்டில் ஒரு துளி தொட்டு வைத்தார். "தேய்க்காதீர்கள். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வாருங்கள்" என்றார்.

பார்த்தசாரதி கோயில் குளக்கரை வரை நடந்தேன். முதலில் வந்தது 1988-இல் கண்ட அதே காரம். கிராம்போடு குங்குமப்பூ. பாலில் இடும் குங்குமப்பூவின் இனிமையை எண்ண வேண்டாம். தைலத்தில் அது பதனிட்ட தோலைப்போலவும் பழைய மருந்துக்கடையைப் போலவும் கரகரப்பாக எழுகிறது. கால் மணி நேரம் சென்றது. காரம் தணிந்து ஏலக்காய் தெரிந்தது. அதன் பின்னால் ரோஜா வந்தது. திருமண வாயிலில் தெளிக்கும் பன்னீரின் மெல்லிய ரோஜா அன்று. சர்க்கரையில் வெயிலில் ஊறிய குல்கந்தின் கனத்த ரோஜா. கடைக்குத் திரும்பும் நேரத்தில் ரோஜாவும் பின்வாங்கி, ஈர மரமும் அணைந்த அடுப்பின் புகையும் ஏட்டுச் சுவடியின் பழமையும் சேர்ந்த ஒன்று கையில் குடியிருந்தது. அடியில் ஓர் இளஞ்சூடு.

"இப்போது வந்திருப்பதுதான் ஊத்" என்றார் பெரியவர். ஊத் என்பது வேறொன்றுமன்று, நம் அகில். நாம் ஊதுவத்தி என்கிறோமே, அதன் முற்பகுதி இந்தச் சொல்தான். பழந்தமிழ் மகளிர் கூந்தல் உலர்த்திய அகிற்புகையை மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியவன் நான். ஆனால் அகிலை முகர்ந்ததில்லை! நலமாக நிற்கும் அகில் மரத்துக்கு மணமே கிடையாது. வெளிறிய, இலேசான கட்டை அது. காயம்பட்டுப் பூசணம் பற்றிய இடத்தில் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கிறது. அந்தப் பகுதி மட்டும் கனத்து, நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்கு வைரமேறி, மணக்கத் தொடங்குகிறது.

வெதுவெதுப்பான மணம் என்று சொல்வதும் வெறும் உவமையன்று. எலுமிச்சை போன்றவற்றின் மணக்கூறுகள் விரைவில் ஆவியாகிப் பறந்துவிடும். பிசின்களும் மரத்தைலங்களும் அவ்வாறு பறப்பதில்லை. உடலின் சூட்டை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வெளிப்படும். சாராயம் கலந்த வாசனை நீர் தெளித்தவுடன் பாய்ந்து பரவும். எண்ணெயாகிய அத்தரோ பூசியவரை விட்டு எளிதில் அகலாது. நாள் கடந்து துணியிலும் தங்கும். குளிர்ச்சியை நாடும் நம் கோடையில் மல்லிகை இனிக்கிறது. பகலில் கொதித்து இரவில் குளிரும் வறண்ட நிலத்தார்க்கு இந்தச் சூடு உறவாகியிருக்கிறது.

அரபு மணம் என்று நான் ஒதுக்கியதில் அரபு நாட்டுக்கே உரியது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தேன். அகில் அசாமிலும் அதற்குக் கிழக்கேயுள்ள காடுகளிலும் விளைவது. ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளைபொருள். அத்தரைத் தாங்கி நிற்கும் சந்தனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடியிலிருந்த இளஞ்சூட்டுக்குப் பெயர் அம்பர் என்றார் பெரியவர். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் அம்பரை இப்போது நம் நாட்டில் விற்பது சட்டப்படி குற்றம். இன்று அம்பர் என்று வழங்குவது பெரும்பாலும் பிசின்களின் கூட்டு. அக்கூட்டில் முக்கியமான ஒன்று சாம்பிராணி! சுமத்திராவிலிருந்து வந்த சாம்பிராணியை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்துக் குந்திரிக்கம் என்றனர். அச்சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்து 'பென்சாயின்' ஆயிற்று. நான் கோயிலுக்குள் விடமாட்டேன் என்ற மணத்தினுள் கோயிலின் மணமே இருந்திருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி நூற்றுக்கும் மேற்பட்ட மணக்கலவைகளுக்குச் செய்முறை எழுதி வைத்தார். அரபு மக்களின் பெருமை, பல நாட்டுப் பொருள்களை ஒரே துளியில் பகையின்றி இருக்கச் செய்ததில் இருக்கிறது.

விவிலியத்திற்கும் இந்தக் கலை புதிதன்று. விடுதலைப் பயண நூலில் மோசேக்குச் சொல்லப்பட்ட திருப்பொழிவு எண்ணெயின் கலவை வெள்ளைப்போளம், இலவங்கம், வசம்பு, ஒலிவ எண்ணெய் என்று போகிறது. அதுவும் காரமும் சூடும் கொண்ட கலவைதான். இன்றும் ஆயர் புனித வாரத்தில் அர்ச்சிக்கும் கிறிஸ்மா தைலத்தில் ஒலிவ எண்ணெயோடு நறுமணத் தைலம் சேர்க்கப்படுகிறது. திருமுழுக்கில் நம் உச்சியில் பூசப்பட்டதும் அதுவே. நாம் ஒவ்வொருவரும் அணிந்த முதல் அத்தர் அது என்பதை நாம் மறந்துபோகிறோம்.

இத்தனையும் அறிந்தபின், என் பிழை ஒரு பாமரனின் பிழை, அறியாமையால் நேர்ந்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். குப்பியை உரியவரிடம் சேர்த்துவிடலாம் என்றும் முடிவு செய்தேன். கோவளத்தில் ஒரு பாய் இருக்கிறார். சலாலாவில் அண்ணனோடு ஒரே அறையில் பல ஆண்டுகள் தங்கியவர். அவருக்கே இதன் அருமை தெரியும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் சட்டைப் பையில் குப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பங்குனி வெயில். நெஞ்சின் சூட்டில் மூடியைக் கடந்து மணம் மெல்லக் கசிந்தது. இந்தக் கரைக்கு இது புதிய விருந்தாளியா என்ற எண்ணம் எழுந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு' அரேபியாவின் குந்திரிக்கக் கடற்கரையையும் பேசுகிறது, நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களையும் பேசுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் பகுதியிலுள்ள வசவசமுத்திரத்தின் அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. சாடிகளில் வந்ததை நம் முன்னோர் அந்நியம் என்று கழுவிவிடவில்லை.

பாய் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குப்பியைத் திறந்து அவர் கையில் ஒரு துளி வைத்தேன். முகர்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை.

"வாத்தியாரே, உங்க அண்ணன் அங்கே என்ன வேலை பார்த்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பெனியில் மேற்பார்வை..."

"கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சுற லாரி. அவரு குழாயைப் பிடிப்பாரு, நான் வண்டியை ஓட்டுவேன். மூணு தடவை குளிச்சாலும் போகாது. உடம்பைவிட்டுப் போனாலும் மனசைவிட்டுப் போகாது. கடைக்குப் போனா மீதிக் காசைக் கையில குடுக்க மாட்டாங்க, மேசையில வைப்பாங்க."

அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். ஒரு நாள் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு முதியவர் வீட்டில் வேலை. முடிந்ததும் முதியவர் இருவருக்கும் நீரும் சோப்பும் தந்து கைகால் கழுவச் செய்து, கூடத்தில் விரித்த கம்பளத்தில் அமரச் சொன்னார். பேரீச்சம்பழமும் ஏலக்காய் இட்ட காப்பியும் வந்தன. பிறகு தணல் நிறைந்த மஜ்மரில், அதுதான் அங்கே தூபக்காலுக்குப் பெயர், குந்திரிக்கம் இட்டுக் கொண்டுவந்தார். தங்கள் நாற்றத்தைப் போக்கத்தான் புகை போடுகிறார் என்று எண்ணி இருவரும் கூசி எழுந்தார்கள். முதியவர் அண்ணனின் சட்டை விளிம்பைத் தம் கையால் பிடித்துப் புகையின்மேல் விரித்தார். விருந்தினர் விடைபெறும்போது அந்நாட்டார் செய்யும் மரியாதை அது. பின்னர் அத்தர்க் குச்சியால் மணிக்கட்டைத் தொட்டார். புறப்படும்போது குப்பியையும் சட்டைப் பையில் வைத்தார்.

"திரும்பி வர்றப்போ லாரியில உங்க அண்ணன் அழுதாரு" என்றார் பாய். "அதை அங்கே ஒரு நாளும் பூசினதில்லை. 'ஊருக்குப் போறப்போதான் பூசுவேன். என் தம்பி வாத்தியார். அவன் முன்னாலே நான் நாத்தத்தோட போய் நிக்கக் கூடாது' அப்படின்னுவாரு. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கொண்டுபோனாரு. திரும்பி வந்தப்புறம், என்ன, அத்தர் பூசினியான்னு கேட்டேன். ஊர்ல எல்லாம் தேவைப்படலேன்னு சொல்லிட்டாரு."

குப்பியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இது உங்க வீட்டுப் பொருள்" என்று சொல்லி என் கையைப் பிடித்து மூடினார்.

அன்று நான் கடற்கரையில் வெகுநேரம் நின்றேன். லூக்கா நற்செய்தியில் வரும் சீமோன் என்னும் பரிசேயர் நினைவுக்கு வந்தார். இயேசுவை விருந்துக்கு அழைத்தவர் அவர். அழைத்தும் காலுக்குத் தண்ணீர் தரவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை. நான் சீமோனிலும் ஒரு படி கீழே இறங்கியவன். அயல்நாட்டு முதியவர் ஒருவர் என் அண்ணனுக்குப் பூசிய விருந்தினர் மணத்தை, அவர் பிறந்த வீட்டில், கிறிஸ்து பிறந்த இரவில், சோப்பிட்டுக் கழுவச் செய்தவன். என் படிப்பு முழுவதும் அவர் பிடித்த அந்தக் குழாயின் வழியாக வந்தது. பழந்தமிழில் 'நாற்றம்' என்றாலே நறுமணம்தான். காலப்போக்கில் அச்சொல் கீழே இறங்கிவிட்டது என்று வகுப்பில் சொல்வேன். சொல்லைக் கீழே இறக்குபவர்கள் யார் என்று அன்றுதான் விளங்கியது.

சென்ற ஆண்டு சூலை 16 அன்று, கார்மேல் அன்னையின் திருவிழாவுக்குக் கோவளம் போயிருந்தேன். அண்ணனின் பழைய சட்டை ஒன்றை அணிந்திருந்தேன். ஆலயத்திற்குள் நுழையுமுன் மணிக்கட்டில் ஒரு துளி, காதுக்குப் பின்னால் ஒரு துளி. கடைசி வரிசையில், வாயிலை ஒட்டிய இடத்தில் அமர்ந்தேன்.

பக்கத்தில் இருந்த இளைஞர் மூக்கைச் சுளித்துச் சற்றே தள்ளி அமர்ந்தார். எனக்கு வருத்தம் உண்டாகவில்லை. திருவிழாத் திருப்பலி ஒன்றரை மணி நேரம் நடக்கும். காரம் தணியவும், ரோஜா மலரவும், அகில் வந்து சேரவும் அந்த நேரம் போதும்.